சின்ன வயதில் ரீவியில் பாடின பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்து அரியாலைக் கில்மிஷா ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் மேடையில் முதலிடம் எடுத்த பிறகு, பாடுகிற பிள்ளைகளைப் பற்றிய கேள்விகள் வன்னியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகின்றன. தெரிவாவது எப்படி என்றுதான் அநேகர் கேட்கிறார்கள். தெரிவாகி, பாடி முடித்து, ஊருக்குத் திரும்பிய பிள்ளைக்கு அடுத்த ஐந்தாறு வருடம் என்ன நடக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. இம்முறை அந்தக் குறைவான பேருக்கே முதலிடம்.

என்ர மகனுக்குப் 13 வயது. இரண்டு வருசத்துக்கு முந்தி ரீவியில பாடினவன். திருவிழா மேடையளுக்கு இப்பவும் கூப்பிடுகினம். மூன்று மாதமாய்க் குரல் கரகரக்குது, மேல போனால் பிசிறுது. சங்கீத ரீச்சர் சாதகத்தைக் கூட்டச் சொல்லுறா. தகப்பன் பாட்டையே நிப்பாட்டச் சொல்லுறார். எதைச் செய்யிறது? — ஒரு தாய், ஒட்டுசுட்டான்

இரண்டையும் செய்ய வேண்டாம்.

மகனுக்கு வந்திருப்பது பெரும்பாலும் மகரக்கட்டு, அதாவது வளர்கிற வயதில் குரல் உடைவது. குரல்வளை வளர்கிறது, குரல்நாண்கள் நீளமும் தடிப்பும் ஆகின்றன. ஆண்பிள்ளைக்குக் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வரையான தூரம்) கீழே இறங்கும். பெண்பிள்ளைக்கும் இது உண்டு, ஆனால் இரண்டு மூன்று சுரத்தானம் (ஒரு ஸ்தாயிக்குள் இருக்கிற பன்னிரண்டு படிகளில் ஒன்று ஒரு சுரத்தானம்) இறங்குவதோடு முடிந்துவிடுவதால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. வீணையில் மெல்லிய தந்தியைக் கழற்றிவிட்டுத் தடித்த தந்தி போட்ட கதைதான். பழைய சுருதிக்கே முறுக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அநேகமாக 12 முதல் 14 வயதுக்குள் தொடங்கும். குழப்பமான காலம் ஆறு மாதம் தொடக்கம் ஒன்றரை வருடம் வரை நீளலாம். குரல் தன் இடத்தில் வந்து இருக்க 17, 18 வயதாகும்.

பழைய சுருதியில் சாதகத்தை, அதாவது பாட்டுப் பயிற்சியை, கூட்டினால் பிள்ளை கழுத்தை இறுக்கித்தான் மேலே போவான். குரல்நாண்கள் உரசி முடிச்சு விழுவது அப்படித்தான். முற்றாக நிறுத்தினால் தொண்டைக்குக் கெடுதல் இல்லை, ஆனால் புதிய குரலைக் கையாளப் பழகுகிற காலம் வீணாகிறது. 17 வயதில் திரும்பப் பாட வரும்போது காது தேறியிருக்கும், தொண்டை சொல் கேட்காது. அந்த எரிச்சலில் பாட்டை விட்டவர்கள் பலர்.

செய்ய வேண்டியது சுருதியை இறக்குவது. காலையில் எழும்பி அரை மணித்தியாலம் கழித்து, வாயை மூடி ‘ம்’ என்று மேலிருந்து கீழே வழுக்கி இறங்கச் சொல்லுங்கள். உறுமல் இல்லாமல் ஐந்து வினாடி நிற்கிற ஆகக் கீழ்ச் சுரம் எது, கழுத்து நரம்பு புடைக்காமல் எட்டுகிற ஆக மேல்ச் சுரம் எது என்று சுருதிப் பெட்டியோடு பாருங்கள். இரண்டுக்கும் இடையில் பாட்டு அடங்குகிற மாதிரி ஸட்ஜத்தை (‘ச’ சுரத்தை) வையுங்கள். கட்டை என்பது சுருதியின் உயர அளவு, இலக்கம் குறையச் சுருதி இறங்கும். 6 கட்டையில் பாடின பிள்ளை முதலில் 4 கட்டைக்கு வரலாம், பிறகு 3, 2 என்று இறங்கி 1 அல்லது 1½ கட்டையில் நிற்கலாம். ஒரேயடியாக இறங்காது, ஒரு மாதம் அசையாமல் இருந்து ஒரு கிழமையில் சறுக்கும். ஒரு கொப்பியில் மாதம் ஒருமுறை திகதியும் கட்டையும் எழுதிவைத்தால் ரீச்சரோடு வாதாடத் தேவை வராது.

சாதகம் ஒரு தடவைக்கு 10, 15 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. சரளி வரிசை, ஜண்டை வரிசை முதலாம் இரண்டாம் காலத்தில், சின்ன கீதங்கள், ‘ஆ’ என்று நீட்டிப் பாடுகிற மெதுவான அகாரம். மேலே போகிற தாரஸ்தாயி வரிசை, வேகமான மூன்றாம் காலம், குரலை உருட்டுகிற பிருகா எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். இரண்டு ஸ்தாயி எட்டவேண்டும் என்ற கணக்கையும் இந்த வருடம் மறந்துவிடுங்கள், ஒரு ஸ்தாயி சுத்தமாக வந்தால் போதும். நடுவில் மூன்று நாலு சுரத்துக்குச் சத்தமே வராத ஓர் ஓட்டை விழும். அதைக் கத்தித் தாண்டப் பார்க்கக் கூடாது. அந்த இடத்தை மெல்லிசாகத் தடவிப் போகப் பழகினால் ஓட்டை தானாக மூடும்.

மேடைதான் பெரிய வில்லங்கம். வற்றாப்பளைப் பொங்கலோ ஊர்க்கோயில் கொடியேற்றமோ, இசைக்குழுவிடம் பழைய சுருதியில்தான் பாட்டு ஆயத்தமாக இருக்கும். கீபோர்ட்டில் சுருதி மாற்றும் பொத்தான் இருக்கிறது. ஓர் அழுத்தலுக்கு ஒரு சுரத்தானம் இறங்கும். நடுவில் அரைக் கட்டைகளும் இருப்பதால் 6 கட்டையிலிருந்து 4 கட்டைக்கு நாலு அழுத்தல். “பிறகு பாப்பம்” என்பார்கள். ஒத்திகையிலேயே செய்விக்க வேண்டும், மேடை ஏறின பிறகு யாரும் செய்து தரமாட்டார்கள். அடுத்தது, ஜெனரேற்றர் சத்தத்துக்கும் ட்ரம்ஸுக்கும் நடுவில் தன் குரல் தனக்குக் கேட்காத பிள்ளை கத்தத்தான் செய்யும். மொனிற்றர் ஸ்பீக்கரைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே வைக்கச் சொல்லுங்கள், ட்ரம்ஸுக்கு முன்னால் நிற்க விடாதீர்கள். ஒரு மேடைக்கு இரண்டு பாட்டு, இடையில் வேறு ஒருவர் பாடட்டும்.

பாட்டை விடக் கத்தல்தான் குரலைக் கூடக் கெடுப்பது. வருடத் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி முடிய எத்தனை பிள்ளைகள் குரல் கட்டி வருகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் மகனுக்குக் கொடி பிடிக்கிற வேலை கொடுக்கச் சொல்லி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

மூன்று மாதம் கரகரப்பு என்கிறீர்கள். தடிமன் காய்ச்சல் இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் பேச்சுக்குரலே கரகரத்தால் ஒருமுறை காட்டவேண்டும் என்பது பொதுவிதி. அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் காட்டி, காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குத் துண்டு எடுங்கள். நோ, இரத்தம், மூச்சு இழுப்பு என்றால் அன்றைக்கே போங்கள்.

மேடைக்கு முதல் தேன், மிளகு, கற்கண்டு குடுத்தால் குரல் திறக்குமோ? ஐஸ்கிறீம் ஆகாதோ? — புதுக்குடியிருப்பு வாசகர்

விழுங்குவது எதுவும் குரல்நாணில் படாது. அது உணவுக்குழாய் வழி போகிறது, குரல்நாண் மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கிறது. தேன் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். மென்தோல் இனிப்புகள் தொண்டையை வறளச் செய்யும், மேடைக்கு முதல் வேண்டாம். குரல்நாணுக்கு ஈரம் உடம்பு முழுக்கப் போகிற தண்ணீரால்தான் வரும், ஆகவே பாடுவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முந்தியே குடிக்கத் தொடங்கவேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புழுதிக்கும் வறட்சிக்கும் இன்னும் கூடத் தேவை. ஐஸ்கிறீம் குரலை உடைக்காது. பாலும் இனிப்பும் தொண்டையில் சளி மாதிரி ஒட்டுவதாகச் சில பிள்ளைகளுக்குத் தோன்றும். அப்படியானவர்கள் பாடி முடித்துவிட்டுச் சாப்பிடலாம்.

எனக்கு 19 வயது. பத்து வயதில ரீவி நாடகத்தில நடிச்சுப் பாடினனான். “அந்தச் சின்னப்பிள்ளை நீயோ” எண்டு இப்பவும் கேக்கினம், வேலை எண்டு ஒண்டும் இல்லை. இதைத் தாண்டினவை எப்பிடித் தாண்டினவை? — வாசகி, மல்லாவி

தங்கச்சி, முகமும் குரலும் மாறியபிறகு பழைய இடத்திலேயே நின்று தாண்டியவர்கள் அரிது. பக்கத்துத் தொழிலுக்குள் நகர்ந்து நின்றவர்கள்தான் கூட.

கமல்ஹாசனை எடுங்கள். 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் குழந்தையாக வந்து ஜனாதிபதி விருது பெற்றவர். வளர்ந்த பாத்திரத்தில் பெயர் சொல்ல வந்தது 1973இல் ‘அரங்கேற்றம்’. இடைப்பட்ட காலத்தில் டி.கே.எஸ். நாடகக் குழுவில் இருந்தார், பிறகு தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளராக வேலை செய்தார். ‘களத்தூர் கண்ணம்மா’வில் சின்னக் கமலுக்குப் பாடின குரல் எம்.எஸ். ராஜேஸ்வரியுடையது. வளர்ந்த பெண், குழந்தைக் குரலில் பாடுவதையே தொழிலாக வைத்துப் பல காலம் நின்றவர். டப்பிங்கில் இன்றைக்கும் குழந்தைக் குரலுக்குப் பெரியவர்களைத்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, மகரக்கட்டும் வராது.

வெளியே பார்த்தால் வேல்ஸ் நாட்டுப் பையன் அலெட் ஜோன்ஸ். 1985இல் ஒரு கிறிஸ்மஸ் பாட்டால் பிரித்தானியா முழுக்கப் பெயர் எடுத்தார், 16 வயதில் குரல் உடைந்தது. பிறகு இசைக் கல்லூரியிலும் நாடகப் பள்ளியிலும் படித்து, தொலைக்காட்சி வானொலித் தொகுப்பாளராக நிலைத்தார், வளர்ந்த குரலில் பாடவும் செய்கிறார். நம் பக்கத்தில் அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் இலங்கை வானொலியின் ‘சிறுவர் மலர்’ நிகழ்ச்சி வழியாக வந்தவர்தான்.

உங்களுக்குள்ள வழிகளைப் பார்ப்போம். உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் எடுத்திருந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பெயரிலான கலைப் பீடமும், மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. பெறுபேற்றோடு செய்முறைத் தேர்வும் வைப்பார்கள். பல்கலைக்கழக விண்ணப்பம் போட்டதோடு இருந்துவிடாமல் செய்முறைத் தேர்வுக்கான அழைப்பைத் தேடிப் பாருங்கள், அதைத் தவறவிட்டவர்களுக்கு இடம் போய்விடும். உயர்தரம் சரிவரவில்லை என்றால் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகள். படிப்படியாக ஏறி ஆசிரியர் தரம் முடித்தால் ‘கலாவித்தகர்’ பட்டம் கிடைக்கும், வீட்டில் வகுப்பு எடுக்க அது போதும். மல்லாவி, பாண்டியன்குளம் பக்கத்தில் தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்ய ஆள் தேடுகிற பாடசாலைகளுக்குக் குறைவில்லை.

வானொலிக்குப் போவதென்றால் பழைய ரீவித் துண்டுகளை அனுப்பவேண்டாம். இப்போதைய குரலில் ஒரு நிமிடச் செய்தி, ஒரு நிமிட விளம்பரம், ஒரு நிமிடக் கதை வாசிப்பு என்று மூன்று கோப்பு போதும். பத்து வயதுப் படத்தை முகப்பில் போட்டால் கேட்பவர் அந்தப் பிள்ளையைத்தான் தேடுவார்.

குரல் தேர்வுக்கு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கினம். மூன்று தரம் அனுப்பியும் பதில் இல்லை. எங்கட போன் சரியில்லையோ? — தகப்பன், மாங்குளம்

போன் சரியாகத்தான் இருக்கும். எடுக்கிற இடமும் நேரமும் பிழைத்திருக்கலாம்.

தகரக் கூரைக்குக் கீழே எடுத்தால் எதிரொலி. விடிய எடுத்தால் கோயில் ஒலிபெருக்கி, பகலில் தண்ணீர்ப் பம்பி, மாரியில் குளத்துப் பக்கம் தவளை. இரவு எட்டரைக்குப் பிறகு, மெத்தை உள்ள படுக்கை அறைதான் நல்லது. அலுமாரிக் கதவில் இரண்டு சேலையைத் தொங்கவிடுங்கள், ஜன்னலைப் பூட்டுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். போனைப் பிள்ளைக்கு ஒரு மீற்றர் தள்ளி, வாய் மட்டத்தில் வையுங்கள். கல்லும் புத்தகமும் அடுக்கினாலும் சரி, போனின் அடி விளிம்பை மறைக்காதீர்கள், மைக் அங்கேதான் இருக்கிறது. வெளிச்சம் பிள்ளையின் முன்னாலிருந்து வரட்டும்.

முதலில் பாட்டின் ஆக உரத்த வரியை மட்டும் பதிந்து இயர்போனில் கேளுங்கள். கிரீச்சென்றால் பிள்ளையை அரை மீற்றர் பின்னால் நகர்த்துங்கள். மெதுவாகப் பாடச் சொல்லக் கூடாது, அது முகத்திலும் தெரியும்.

கரோக்கியை அதே போனில் ஒலிக்கவிட்டு எடுப்பதுதான் பலர் செய்கிற பிழை. குரலைத் தெரிவு செய்கிறவருக்குக் குரல் கேட்காது. இன்னொரு போனில் போட்டு, வயர் உள்ள இயர்போனை ஒரு காதில் கொடுங்கள். புளூடூத் என்றால் இசை கொஞ்சம் பிந்தித்தான் காதுக்கு வரும், பிள்ளையும் தாளத்துக்குப் பின்னால் இழுபடும். சுருதி மட்டும் போதுமென்றால் புளூடூத்தும் பரவாயில்லை. கரோக்கியின் சுருதியைச் செயலியில் மாற்றலாம், ஆனால் மூன்று நாலு சுரத்தானத்துக்கு மேல் மாற்றினால் வாத்தியங்கள் விளையாட்டுச் சாமான் மாதிரிக் கேட்கும். ஆண் குரல் பாட்டைச் சின்னப் பிள்ளைக்கு ஏற்றும்போது இதுதான் நடக்கிறது, வேறு பாட்டுத் தேடுவது மேல்.

அறிவிப்பில் நீளம் சொல்லாவிட்டால் ஒன்றரை நிமிடம். பெயர், வயது, ஊர், உடனே பல்லவி. எதிரொலி சேர்க்கிற செயலி எதுவும் வேண்டாம். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அமுக்கிவிடும், ‘டொக்கியுமென்ற்’ ஆக இணைத்து அனுப்புங்கள்.

பணம் கட்டச் சொல்லி யாராவது பதில் போட்டால், அதுதான் நீங்கள் காத்திருந்த பதில் என்று நினைக்காதீர்கள். விலகுங்கள்.

சென்னைக்கு வரச்சொல்லி மகளுக்கு அழைப்பு வந்திட்டுது, வயது 11. ஒப்பந்தத்தில என்னத்தைப் பாக்கவேணும்? — பெற்றோர், கிளிநொச்சி

முதலில் கடவுச்சீட்டு. வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்குப் போகத் தேவையில்லை. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அந்தச் சம்மதக் கடிதம்தான் இழுபடும், அதை முதலில் தொடங்குங்கள். பிள்ளையின் கடவுச்சீட்டு மூன்று வருடத்துக்கே செல்லும், முன்பே எடுத்தவர்கள் முடிகிற திகதியைப் பாருங்கள். எந்த விசாவில் வரவேண்டும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் ஊதியத்துக்குப் பாடுவது விதிமீறல்.

இந்தியாவில் குழந்தைக் கலைஞர்களுக்குச் சட்டம் உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தி, 2017இல் விதிகளையும் மாற்றினார்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரு நாளில் 5 மணித்தியாலத்துக்கு மேல் வேலை இல்லை, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணித்தியாலத்துக்கு மேல் இல்லை, தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் இல்லை. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி எடுக்கவேண்டும். 5 பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர். வருமானத்தில் ஆகக்குறைந்தது 20 வீதம் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிலையான வைப்பாகப் போகவேண்டும். இந்த விதிகளை நீங்கள் அறிந்திருப்பது தெரிந்தாலே, இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையை மேக்கப்போடு உட்காரவைக்கிற வேலை குறையும்.

ஒப்பந்தத்தில் நாலு இடம். வேறு எங்கும் பாடக்கூடாது என்ற கட்டுப்பாடு எத்தனை மாதம்? நிகழ்ச்சி முடிந்தும் ஒன்றிரண்டு வருடம் என்றால், அது மகரக்கட்டுக்கு முந்தின கடைசி வருடங்களை விழுங்கிவிடும் (பெண்பிள்ளைக்கு அவ்வளவு பாதிப்பில்லை). பிள்ளையின் பதிவும் படமும் யாருக்குச் சொந்தம்? கூட வருகிறவரின் ரிக்கெற், தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு? பாதியில் வெளியேற்றினால் திரும்பி வரும் செலவு யாருடையது? கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வார்கள், எழுத்தில் வாங்குங்கள். படப்பிடிப்புத் தளத்தில் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து ஊரில் ஒரு சட்டத்தரணிக்கு அனுப்பிவிட்டுப் போடுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று. சார்லி சப்ளினோடு 1921இல் நடித்த ஜாக்கி கூகன் வளர்ந்த பிறகு, தன் சம்பாத்தியத்தைக் கேட்டு 1938இல் தாயின்மீதும் மாற்றாந் தகப்பன்மீதும் வழக்குப் போட்டார். முப்பது, நாற்பது இலட்சம் டொலர் என மதிக்கப்பட்ட உழைப்பில் அவருக்குக் கிடைத்தது சுமார் 126,000 டொலர். அடுத்த வருடமே கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. நம் ஊரில் கூகன் வீட்டு அளவுக்குப் பேராசை இல்லை, பெரும்பாலும் வீட்டுக் கடனும் கல்வீட்டு வேலையும்தான் பிள்ளையின் பரிசுப் பணத்தைத் தின்கின்றன. இலங்கை வங்கியிலோ தேசிய சேமிப்பு வங்கியிலோ சிறுவர் கணக்கில் போட்டுவிட்டால் 18 வயதுவரை பெற்றோரும் நினைத்தபடி எடுக்கமுடியாது. மேடைக்குக் கிடைக்கிற காசையும், வெளிநாட்டு உறவுகள் அன்பளிப்பாக அனுப்புகிறதையும் ஒரே கொப்பியில் எழுதி, பிள்ளைக்கு 13, 14 வயதானதும் காட்டுங்கள்.

மகளின்ர பாட்டை யூரியூப்பில போட்டால் காசு வருமோ? — நெடுங்கேணி வாசகர்

சினிமாப் பாட்டைக் கரோக்கியில் பாடிப் போட்டால் பார்வை வரும், விளம்பரக் காசு பெரும்பாலும் பாட்டுக்கு உரிமையுள்ள நிறுவனத்துக்குப் போகும். தேவாரம், நாட்டார் பாட்டு போன்ற உரிமை கோர ஆளில்லாதவற்றைச் சொந்த வாத்தியத்தோடு பாடினால் உங்களுக்கு. முழு விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாளில் ஷோர்ட்ஸ் பார்வை ஒரு கோடி. வருமானக் கணக்கு 18 வயது தாண்டிய ஒருவரின் பெயரில் இருக்கவேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவர் தனியாக நேரலை செய்ய 2025 ஜூலையிலிருந்து தடை.

பாடசாலைச் சீருடையில் எடுத்த வீடியோ, வீட்டு வாசல் தெரிகிற வீடியோ போடாதீர்கள். விளக்கக் குறிப்பில் உங்கள் போன் இலக்கத்துக்குப் பதில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சனலை ஒரு தெரிந்த தம்பி தன் ஈமெயிலில் திறந்து தருகிறேன் என்றால் மறுத்து, உங்கள் ஈமெயிலிலேயே திறப்பியுங்கள். பிள்ளை வளர்ந்து, புதிய குரலில் பாட அந்தச் சனலுக்குத் திரும்பி வரும்போது தம்பி கனடாவில் இருப்பார், கடவுச்சொல்லும் அவரோடு போயிருக்கும்.